கொல்லை நிலம் கேட்போம்! கறிகாயை நாமே விளைப்போம்!



பட்டணத்திலே இப்போது ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் வராத சாப்பாடு சாப்பிட வேண்டுமாம். மருந்து அடிக்காத கீரை, பக்கத்து ஊரில் விளைந்த காய், வீட்டுக் கொல்லையில் காய்த்த மிளகாய், இவைதான் உடம்புக்கும் நல்லது, உலகத்துக்கும் நல்லது என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அதே கீரைக்கு ‘ஆர்கானிக்’ என்று சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பேரங்காடியிலே அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் நமக்கு மயக்கம் வருகிறது. ஒரு பிடி கீரைக்கு இவ்வளவு காசா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று பணம் படைத்தவர்கள் காசு கொடுத்து வாங்குகிற இந்தச் சாப்பாட்டை நம் பாட்டிமார் காசில்லாமல் லயத்துக் கொல்லையிலே விளைத்தார்கள். அந்த வித்தை நமக்குப் புதிது அல்ல. யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. நம்மிடம் இல்லாமல் போனது நிலம் ஒன்றுதான். ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான்: நிலத்தைக் கேளுங்கள். கிடைத்த நிலத்தைச் சும்மா போடாதீர்கள்.

கொல்லை என்ற இரண்டாவது சம்பளம்

பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி. வேலியிலே முருங்கையும் அகத்தியும். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் வாழையும் சேம்பும். பந்தலிலே அவரை, பீர்க்கு, புடல். மூலையிலே கறிவேப்பிலை, கத்தரி, பச்சை மிளகாய். நாலு கோழி, கொஞ்சம் வசதி உள்ள வீட்டில் ஒரு பசுமாடு. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் எடுத்து, மதியம் வீடு திரும்பிய பிறகு பெண்களும் ஆண்களும் அந்த மண்ணிலே இறங்கினார்கள். கடைக்காரர் பற்றுப் புத்தகத்திலே அரிசி ஏறும், பருப்பு ஏறும், எண்ணெய் ஏறும், கருவாடு ஏறும். கீரையும் காயும் ஏறாது. சம்பளம் பற்றாத மாதத்தில் அடுப்பை அணையாமல் காத்தது அந்தக் கொல்லைதான்.

இது துரைமார் போட்ட பிச்சையும் அல்ல. போருக்கு முன்பிருந்த தொழிலாளர் சட்டத்திலேயே குடும்பம் உள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் வைக்கவோ மாடு மேய்க்கவோ ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தர வேண்டும் என்று இருந்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. இன்று நம்மில் பலர் குடியிருக்கிற மலிவு விலை அடுக்குமாடி வீட்டைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே!

ஆனால் அந்தக் கொல்லை வேலையோடு கட்டிய கொல்லை. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் கொல்லை போகும். தோட்டங்கள் துண்டு போடப்பட்டன, கைமாறின, வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆகின. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நம் குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா, மலாக்கா பட்டணம் என்று தாமான்களுக்கும் பிளாட்டுகளுக்கும் நகர்ந்தன. துணிமணி, பாத்திரம், சாமி படம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்ற முடிந்தது. முருங்கை மரத்தை ஏற்ற முடியவில்லை.

இந்த மண் சாப்பாடு கொடுத்த மண்

மலாக்கா மண்ணிலே ரப்பர்தான் ஆதியில் இருந்து இருக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். அப்படி அல்ல. ரப்பர் வருவதற்கு முன்னே, கடந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், மலாக்காவில் பெரிய அளவில் போட்ட பயிர் மரவள்ளிக் கிழங்கு. டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்று நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் போட்டார். அந்த வழியிலேதான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பல் ஏறி வந்தார்கள். மண் மாறவில்லை; பயிர் மாறியது. கிழங்கு கொடுத்த மண் பால் கொடுத்தது. சாப்பாடு ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது.

1942 ஜனவரியில் ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்தான். வெளியிலிருந்து அரிசி வரும் வழி அடைந்தது. போருக்கு முன்பு மலாயா தின்ற அரிசியிலே பாதிக்கு மேல் வெளிநாட்டு அரிசி. வராமல் போனதும் என்ன ஆயிற்று? தோட்டத்து மக்கள் மறுபடியும் மரவள்ளிக்கும் சக்கரைவள்ளிக்கும் போனார்கள். 1945 வரை நாட்டின் உயிரைப் பிடித்து வைத்தது கிழங்கும் கீரையும்தான். ஆண்பிள்ளைகளைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போன வீடுகளில், பெண்கள் கொல்லையைக் கொத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் வயதானவர்களில் சிலர் மரவள்ளியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அந்தக் கிழங்கின் மேல் கோபம் இல்லை. அந்தக் காலத்தின் மேல் கோபம்.

அதன் பிறகு 1974ஆம் ஆண்டில், உலகமெல்லாம் விலைவாசி ஏறிக் கிடந்தபோது, பிரதமர் துன் அப்துல் ரசாக் ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ கொண்டுவந்தார். காலி நிலத்தில் காய்கறி போடுங்கள், கோழி வளருங்கள், மீன் குட்டை வெட்டுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. சொன்னபடி செய்வதற்குத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நெருக்கடி வரும்போதெல்லாம் நாடு திரும்பிப் பார்ப்பது கொல்லையைத்தான். நெருக்கடி தீர்ந்ததும் முதலில் மறப்பதும் அதைத்தான்.

கப்பல் நின்றால் சட்டி காலி

இது பழங்கதை அல்ல. 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசி ஒரு டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. எல்லாரும் உள்ளூர் அரிசியைத் தேடி ஓடினோம்; கடையில் உள்ளூர் அரிசி மூட்டையே கண்ணில் படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியா வெங்காயத்துக்கும் தடை போட்டது. அடுத்த மே மாதம்தான் நீக்கியது. நம் சமையலிலே வெங்காயம் இல்லாமல் எந்தச் சட்டி அடுப்பில் ஏறும்?

2022ஆம் ஆண்டில் மலேசியா வெளிநாட்டு உணவுக்குக் கொடுத்த காசு 7,500 கோடி வெள்ளியைத் தாண்டியது. உள்ளூர்க் கோழி என்று நாம் வாங்குகிறோமே, அதன் தீனிச் சோளமும் சோயாவும்கூடக் கப்பலில் வந்தவைதான். அங்கே மழை பொய்த்தாலும், சண்டை மூண்டாலும், நம் சட்டியிலே அது தெரிகிறது. விலை ஏறும்போது முதல் அடி யாருக்கு? நாள் சம்பளக்காரனுக்கு.

கொல்லையிலே நெல் விளையாது. பெரிய வெங்காயமும் விளையாது. அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கீரை, வெண்டி, கத்தரி, மிளகாய், முருங்கை, கிழங்கு, வாழை, பப்பாளி விளையும். அவற்றுக்குக் கொடுக்கிற காசு மிஞ்சினால், அரிசிக்கும் வெங்காயத்துக்கும் ஆகும். ஒரு மாதம் காய்கறிக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு கொப்பியிலே எழுதிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

நம் தட்டுக்கும் மலைக்கும் என்ன உறவு?

“சரி, இதிலே சுற்றுச்சூழல் எங்கே வந்தது?” என்று கேட்பீர்கள். முட்டைக்கோசை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் பார்க்கிற கோசு, தக்காளியில் பெரும் பங்கு கேமரன் மலையிலிருந்து வருகிறது. விலை கிடைக்கிறது என்று காட்டை வெட்டி, சரிவை மொட்டையடித்துப் பயிர் போட்டார்கள். மழை பெய்தால் மண் ஆற்றில் இறங்குகிறது. அணையிலே சேறு நிறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அங்குள்ள அணையைத் திறந்துவிட வேண்டி வந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மலை மொட்டையானதிலே நம் சட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. கோசு தின்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாரம் நாலு நாள் கோசு என்பதை ஒரு நாளாக்கி, மற்ற நாளில் இந்த வெப்ப மண்ணுக்கே உரிய தண்டுக்கீரை, பசலை, வல்லாரை, கங்கோங், தவசிக்கீரை என்று மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து வருவதெல்லாம் கெட்டது, பக்கத்தில் விளைவதெல்லாம் நல்லது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. கப்பலில் வருகிற பருப்பைவிட ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும்தான் பூமியைச் சூடாக்குவதில் பல மடங்கு முன்னே நிற்கின்றன. நம் கடைகளில் தொங்குகிற ஆட்டிறைச்சியில் பெரும்பாலானது ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. முன்பு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும்தான் ஆட்டுக்கறி. மற்ற நாளில் பருப்பு, கீரை, நெத்திலி, கெம்போங் மீன். அந்தக் கணக்கு உலகத்துக்கும் நல்ல கணக்கு. மடிக்கும் நல்ல கணக்கு.

உடம்புக் கணக்கையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. மூன்று இனங்களிலும் நாம்தான் முதலிடம். இது பெருமைப்படும் முதலிடமா? தட்டு நிறைய வெள்ளைச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு துளி காய் என்ற சாப்பாடு மாற வேண்டும். கொல்லையில் கீரை இருந்தால் தட்டில் கீரை தானாக ஏறும்.

ஊரோடு ஒட்டி உண்டவர்கள்

நம் மலாக்காவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. காஜா பெராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள் நமக்கு முன்னே, மலாக்கா சுல்தான்கள் காலத்திலிருந்தே, இங்கே வேர் பிடித்த தமிழ் வழி வந்தவர்கள். அவர்கள் வழிபடும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. பேசும் மொழி மலாயாக மாறினாலும் சாமியை விடவில்லை. சாப்பாட்டிலே என்ன செய்தார்கள்? இங்கே கிடைத்த தேங்காய், பண்டான் இலை, புளி, பிளாச்சான், கடல் மீன் இவற்றோடு நம் மசாலையைக் கலந்து தனிச் சமையலே உண்டாக்கினார்கள். ஊரிலிருந்து கப்பல் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. விளைகிற மண்ணுக்கு வாயைப் பழக்கினார்கள். அதனால் யாருடைய தமிழ்ப் பண்பாடும் கெட்டுப்போகவில்லை.

“யார் மண்வெட்டி பிடிக்கிறது?”

“அட போங்கய்யா! நாளெல்லாம் குலை வெட்டிட்டு, ஃபேக்டரியிலே ரெண்டு ஷிப்ட் நின்னுட்டு வந்து, யாரு மண்வெட்டி பிடிக்கிறது? பசார் மாலாமிலே ரெண்டு கட்டுக் கீரை வாங்கிக்கிட்டுப் போயிடலாம்” என்று சிலர் சொல்கிறார்கள். அலுப்பு உண்மைதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று பெரியவர்கள் சொன்னதும் உண்டு. ஆனால் முருங்கைக் கிளையை ஒருமுறை ஒடித்து நட்டால் ஆண்டுக் கணக்கில் இலையும் காயும் கொடுக்கிறது. கறிவேப்பிலை, அகத்தி, வாழை, தவசிக்கீரை எல்லாம் அப்படித்தான். இவை வேலை கேட்பதில்லை, இடம்தான் கேட்கும்.

பிளாட்டில் இருப்பவர்கள் எண்ணெய்த் தகரத்திலும் உடைந்த வாளியிலும் அடியிலே ஓட்டை போட்டு மிளகாய், புதினா, தண்டுக்கீரை போடலாம். அரிசி கழுவிய தண்ணீரே பாதிப் பாசனம். காய்த் தோல், முட்டை ஓடு, தேயிலைத் தூள் இவற்றை மண்ணோடு மக்கவைத்தால் உரம். அந்தக் குப்பையைப் பையில் கட்டிப் போட்டால் அது சுங்கை ஊடாங் குப்பை நிலத்துக்குப் போய், அழுகி, பூமியைச் சூடாக்கும் வாயுவாகிறது. ஒரு எச்சரிக்கை: சட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கீரைக்குப் பதில் டிங்கிக் கொசு வளர்ந்துவிடும்.

தண்ணீருக்கும் கணக்கு வேண்டும். 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்கா முழுக்கத் தண்ணீருக்கு அலைந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைத் தண்ணீரைத் தொட்டியில் மூடிப் பிடித்து வையுங்கள்.

மருந்து பட்ட கீரை கீரை அல்ல

தோட்டத்துக்குள் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். செம்பனைக்கு அடியில் தளதளவென்று முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். நேற்று அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள். 2002ஆம் ஆண்டில் தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. மூக்கில் ரத்தம், கண்ணெரிச்சல், தோல் புண், நகம் உதிர்தல் என்று அந்தத் தாய்மார் பட்ட பாடு அப்போதுதான் வெளியே வந்தது. ஐரீன் பெர்னாண்டஸ் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். பேராகுவாட் என்னும் கொடிய மருந்துக்கு இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் அடிக்கப்படுகின்றன.

ஆகவே மருந்து வந்த பீப்பாயில் தண்ணீர் பிடிக்க வேண்டாம். மருந்தடித்த உடுப்பைக் கொல்லையில் துவைக்க வேண்டாம். உங்கள் பாத்திக்குப் பூச்சி வந்தால் வேப்பிலை, பூண்டு, மிளகாய் அரைத்த கரைசலே போதும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் என்.வி. சுப்பாராவ் போன்றவர்கள் தமிழ்ப் பள்ளிகளில்கூட இம்மாதிரி இயற்கை முறைகளைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

கொல்லை போட்டால் போதும், கஷ்டம் தீர்ந்தது என்று நாம் ஏமாற்றவில்லை. அன்றைய முதலாளிகள் சிலருக்குக் கொல்லையின் மேல் ஏன் அவ்வளவு ஆசை? தொழிலாளி தன் கறியைத் தானே விளைத்துக்கொண்டால் கூலியை ஏற்ற வேண்டியதில்லை அல்லவா! அந்த வலையில் நாம் மறுபடியும் விழக்கூடாது. 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை முழுதாக வாங்குவது ஒரு உரிமை. கொல்லை வேறொரு உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க யாருக்கும் இடம் தரக் கூடாது.

தோட்டத்தில் இருப்பவர்கள் தொழிற்சங்கத்தின் மூலம் மூன்று விஷயம் கேளுங்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் பயிர் போட அளந்து ஒதுக்கிய நிலம். அந்த நிலத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு. லயத்தில் இப்போது நம்மோடு இருக்கிற இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அவர்களும் மண்ணை அறிந்தவர்கள். அவர்கள் வயிறும் வயிறுதான்.

தாமானிலும் பிளாட்டிலும் இருப்பவர்கள் குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து, சும்மா கிடக்கும் நகராட்சி நிலத்துக்கு எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லாமல் போட்ட பாத்தியை ஒருநாள் இயந்திரம் வந்து தள்ளிவிட்டுப் போய்விடும். பிறகு அழுது பயனில்லை. தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளி வளாகத்தில் நாலு பாத்தி போடட்டும். கைப்பேசியில் விளையாடும் பிள்ளைக்குச் சேம்பு எது, சேனை எது என்று தெரியட்டும்.

கோயில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அன்னதானத்துக்கு வேண்டிய கத்தரி, பூசணி, கீரை, வாழை இலை இவற்றை மொத்த வியாபாரியிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயமா? நம் பெண்கள் விளைத்ததை முதலில் வாங்குங்கள். அடுத்த மாதம் இன்ன நாளில் இவ்வளவு காய் வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால், பத்து வீட்டுக் கொல்லை சேர்ந்து கொடுத்துவிடும். தாளிலும் பாலிஸ்டைரீன் தட்டிலும் சோறு போடுவதைவிட, வாழை இலையில் போட்டால் சாமிக்கும் சந்தோஷம், குப்பையும் குறைவு.

மழைக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கிளை கேளுங்கள். தரமாட்டேன் என்று எந்தத் தமிழ்த் தாயும் சொல்ல மாட்டாள். அதை நட்டுவிட்டு, திங்கட்கிழமை சங்கத் தலைவருக்கு நிலம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கிளை துளிர்ப்பதற்குள் பதில் வராவிட்டால், இரண்டாவது கடிதம் எழுதுங்கள்.